நேற்று விட்ட கதை

மகளோடு போய் இருக்க விசா கேட்டு நாகர்கோவிலிலிருந்து தூதரகத்துக்குப் போயிருந்த ஜெபராஜிடம் அதிகாரி எதையும் கேட்கவில்லை. வெளிநாட்டில் தாயோடு வளரும் அவருடைய ஐந்து வயது மகள் ஷைனியைத் திரையில் வரவழைத்து, "அப்பாகிட்ட பேசும்மா" என்றார்.

"அப்பா, நேத்து விட்ட எடத்துலேருந்து கதை சொல்லுங்க."

"எந்தக் கதைம்மா?" என்று கேட்டார் ஜெபராஜ். வேலை நெருக்கடியில், தனக்குப் பதிலாகத் தன் குரலிலேயே மகளிடம் பேசிக் கதை சொல்லும் கருவியை அவர்தான் வாங்கி அனுப்பியிருந்தார். அவரே மகளிடம் பேசி மாதக்கணக்காகிவிட்டது.

"தினமும் கதை சொல்லும் அப்பா குழந்தைக்கு அங்கேயே இருக்கிறாரே" என்று அதிகாரி விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வெளியே வந்ததும் மனைவி செலினை அழைத்தார். "அந்த மிஷின நிறுத்திரு. இனிமே நானே பேசுதேன்."

செலின், "நிறுத்தினா பிள்ள அப்பாவத் தேடுவாளே" என்றாள்.