பின்னேரம் படுக்கும் சேர்வர்

“காலமை நல்லா ஓடுது. பின்னேரமானால் படுத்திடுது. சேர்வரைப் பாக்கிற சிவகரனைக் கேட்டால் ‘பாக்கிறன் சேர்’ எண்டுறான். பிழை அவனில எண்டால் சொல்லுங்கோ மிஸ், இண்டைக்கே வேலையால நிப்பாட்டிடுறன்.”

முதலாளி கோகுலன் பொரிந்து தள்ளினார். லண்டன் கடையொன்றுக்கு வரும் முறைப்பாடுகளுக்குக் கிளிநொச்சியில் இருந்து மெயிலில் பதில் எழுதும் அலுவலகம் அது. மெயில் சேர்வரை வெளியில் வாடகைக்கு எடுக்க மனம் வராமல், பழைய கொம்பியூட்டர் ஒன்றிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார் மனுசன்.

திருத்த வந்த நிசாந்தினிக்கு ஒரே யோசனை. பழுது என்றால் கண்ட நேரத்திலும் வரும். இது மட்டும் எப்படி நேரம் பார்த்து வருகிறது?

“உங்களுக்கு என்ன விளங்குது, சிவகரன்?”

“ஒண்டும் பிடிபடேல்லை, மிஸ்.” அவன் தலையை நிமிர்த்தவேயில்லை.

கொம்பியூட்டருக்குள் எந்த வேலைக்கு எவ்வளவு மெமரி என்று பங்கு பிரிப்பது கேர்னல் என்ற அடிப்படை மென்பொருள். அதன் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். மத்தியானத்துக்குள் கள்ளம் பிடிபட்டது.

பின்னேரத் தேத்தண்ணி நேரம் வந்ததும் மெயிலுக்கான மெமரி தானாகக் குறைகிறது. விடிந்ததும் பழைய அளவுக்கு ஏறுகிறது. தங்கிப்போன மெயில்கள் ஒன்றும் தொலையாமல் அப்போது வந்து சேர்கின்றன. யாரோ வேண்டுமென்றே எழுதிய கட்டளை. சிவகரனைத் தவிர வேறு யார்?

வேளைக்கு வீட்டுக்கு ஓடத்தான் இந்த விளையாட்டு! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டளையை நிறுத்தினாள். சேர்வரை ஓடவிட்டுக் காட்டிய பிறகு ஆளைச் சொல்லலாம் என்று இருந்தாள்.

அன்று பின்னேரம் சேர்வர் படுக்கவில்லை. லண்டன் மெயில்கள் மளமளவென்று வந்தன.

“கெட்டிக்காரி!” முதலாளிக்கு வாயெல்லாம் பல். “பிள்ளையள், எல்லாத்துக்கும் பதில் போட்டிட்டுத்தான் எழும்போணும்.”

பதில் எழுதும் பெண்களில் ஒருத்தியான யதுர்ஷிகா, தூக்கிய பையோடு அப்படியே நின்றாள். “சேர், தர்மபுரம் கடைசி பஸ் இப்ப வந்திடும். அதை விட்டால் எங்களுக்கு வேற பஸ் இல்லை.”

“மெயில் வந்தால் வேலை செய்யத்தானே வேணும்? வராத நாளில நான் ஆரையும் மறிச்சனானோ?”

பெண்கள் திரும்பவும் கதிரைகளில் இருந்தார்கள்.

நிசாந்தினி சிவகரன் பக்கம் குனிந்தாள். “நீங்களும் அந்த பஸ்ஸிலயோ போறனீங்கள்?”

“இல்லை, மிஸ். என்ர வீடு பின் ஒழுங்கையில. நான் எல்லாரும் போனாப்பிறகுதான் போறனான்.”

வெளியே பஸ் ஹோர்ன் கேட்டது.

நிறுத்திய கட்டளையை நிசாந்தினியின் விரல்கள் அவசரமாகத் திரும்பத் தட்டின. எல்லோருடைய திரையிலும் மெயில் நின்றுபோனது. பெண்கள் பைகளை அள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

“ஐயோ, திரும்பப் படுத்திட்டுதே!” முதலாளி தலையில் கை வைத்தார். “சொல்லுங்கோ மிஸ், ஆரில பிழை?”

“வடிவாப் பாத்திட்டன், சேர். சிவகரனில பிழையில்லை. பின்னேரத்தில இந்த மிசின் இவ்வளவுதான் தாங்கும்.”