சுவருக்குச் சொன்ன பதில்

செல்லங்களா, ஜாதகத்தை விட்டுவிட்டுக் குடும்ப நோய் பார்த்துச் சம்பந்தம் பேசிய காலத்துக் கதை இது. வீட்டில் யார் இறந்தாலும், "எதனால் இறந்தார்?" என்று சுவரிலிருந்து ஆஸ்பத்திரிக் குரல் கேட்கும். மற்றவர்களை எந்த வயதில் சோதனைக்கு அழைப்பது என்பதை அந்தப் பதில்தான் முடிவு செய்யும். சம்பந்தம் பேசும் வீட்டுக்கும் அது உடனே தெரிந்துவிடும்.

சுகந்தியின் கணவர் குடல் புற்றுநோயில் போனபோது, மகள் ஆதிரைக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். "மாரடைப்பு" என்றாள் சுகந்தி. கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது.

மகன் இமயன் அப்போது சின்னப் பிள்ளை. வளர்ந்தபின், பக்கத்து வீட்டுக்காரனை இளவயதிலேயே குடல் சோதனைக்கு அழைத்தார்கள். "அது உங்க பரம்பரைச் சொத்துடா மாப்ள, எங்களுக்கெல்லாம் நெஞ்சுதான்" என்று இமயன் சிரித்தான். சுகந்தி வாயைத் திறக்கவில்லை. பிறகு மலத்தில் ரத்தம் போனபோது, மூலநோய் என்று நினைத்துக்கொண்டான். புற்றுநோய் என்று கண்டுபிடித்தபோது அது ஈரல்வரை பரவியிருந்தது.

அவனைக் கிடத்திய கூடத்தில் அதே குரல் கேட்டது.

"மாரடைப்புன்னே சொல்லும்மா. அடுத்த மாசம் என் பொண்ணுக்கு நிச்சயம்" என்று ஆதிரை கெஞ்சினாள்.

"குடல்ல புத்து. இவன் அப்பாவுக்கும் அதேதான்" என்றாள் சுகந்தி.

உடனே சம்பந்தி வீட்டிலிருந்து போன் வந்தது. "அம்மாவுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு சம்பந்தி, நம்பாதீங்க" என்று ஆதிரை அழுதாள். நடுவில் இன்னோர் அழைப்பு. அவளையும் அவள் மகளையும் ஆஸ்பத்திரி சோதனைக்குக் கூப்பிட்டது.

ஆதிரை அதைத் துண்டித்துவிட்டு, சம்பந்தியிடம் தொடர்ந்து கெஞ்சினாள்.