வாயால் ஆடிய கேரம்

2024 ஜூன் 9, ஞாயிறு. வடசென்னை, செங்கேணித் தோட்டம் திட்டப்பகுதி. இடித்துக் கட்டிய டி பிளாக்கில் காலை பத்து மணிக்கு முதல்முறையாக லிஃப்ட் ஓடத் தொடங்கியது.

ஒன்பதாம் மாடியில் அவர் ஊன்றுகோலோடு அதன் முன் நின்றார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை.

கதவு திறந்தது. மூடிக்கொண்டது. மறுபடி திறந்தது.

"இன்னாய்யா, பொண்ணு பாக்கவா போற? ஏறு," என்றாள் மனைவி நவநீதம்.

அவள் ஏறவில்லை. உலை கொதித்துக்கொண்டிருந்தது.

பழைய பிளாக்கில் மூன்றாம் மாடி. துறைமுகத்தில் இடுப்பு நொறுங்கிய பிறகு ஆறு வருடத்தில் நான்கு முறை கீழே இறங்கினார். பிளாஸ்டிக் நாற்காலியில், ஆட்கள் தூக்க. நான்கும் ஆஸ்பத்திரிக்கு.

கேரம் ஆட ஆளைத் தூக்கச் சொல்ல முடியாது.

போர்டு படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. மேலிருந்து தெரியாது. ஸ்டிரைக்கர் சத்தத்தை வைத்தே அடிப்பது யார் என்று சொல்லிவிடுவார். ஜன்னலில் நின்று கத்துவார்.

"ரெட்டு காய தொடாதடா!"

பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

பிளாக்கை இடித்தபோது ஆளுக்கொரு பக்கம் வாடகைக்குப் போனார்கள். இரண்டு வருடம். புது வீட்டுக் குலுக்கலில் அவருக்கு ஒன்பதாம் மாடி விழுந்தது. மூணுக்கே இந்தக் கதி என்று நவநீதம் அழுதாள். அவர் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சிரித்தார். லிஃப்ட் ஓடும் முன்பே குடிவந்ததால் அன்றும் நாற்காலியில்தான் மேலே தூக்கினார்கள்.

ஒன்பது. எட்டு. ஏழு.

வயிற்றுக்குள் ஏதோ லேசாக மிதந்தது.

கீழே, தூண்களுக்கு நடுவே அதே போர்டு. தேசிங்கு, லூர்து, பன்னீர். பவுடர் தூவியிருந்தார்கள். நான்காவது நாற்காலி காலி.

"வாயாலயே ஆடின மன்சன் வந்துக்கிறாருடா," என்றான் தேசிங்கு. "இன்னிக்கு கையயும் பாத்துடலாம் மாமே."

யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

அவர் அடித்தார். இரண்டு முறை ஸ்டிரைக்கரே குழிக்குள் போனது. மூன்றாவது முறை சிவப்புக் காயைக் குறிபார்த்தார்.

ஒன்பதாம் மாடியிலிருந்து நவநீதத்தின் குரல். அங்கிருந்தும் போர்டு தெரியாது.

"யோவ்! ரெட்டு காய தொடாத!"

தொட்டார். சிவப்பு விழுந்தது. அதைத் தக்கவைக்க அடுத்து விழ வேண்டிய காய் விழவில்லை.

இருபத்தைந்துக்கு மூன்று. தோற்றார்.

தேசிங்கு மறுபடி காய்களை அடுக்கினான்.

ஒன்றரை மணிக்கு லிஃப்ட் கீழே வந்து திறந்தது. உள்ளே ஆள் இல்லை. தரையில் ஒரு டிபன் கேரியர் இருந்தது.