குறைந்துபோன வெயில்

"அண்ணே, நீங்க இதைத் துடைக்கவே..."

"தினம் துடைக்கிறேன்மா. வெயில் குறைஞ்சா சூரியனைக் கேளுங்க."

மொட்டைமாடியில், வெயில் அளக்கும் கருவிக்கு முன்னால் அதிகாரியம்மாவும் உதவியாளரும் மல்லுக்கு நின்றார்கள்.

"பக்கத்து ஊர்க் கருவியில குறையலையே? இங்க மட்டும் நாலு வருஷமா இறங்கிட்டே வருது. இந்த மெமோவை அனுப்பினா உங்க வேலை போயிடும். எங்க, என் முன்னாடி துடைங்க."

அவர் மெல்லிய துணியால் கருவியின் கண்ணாடிக் குமிழைப் பதமாகத் துடைத்தார். உச்சியில் புழுதி அப்படியே இருந்தது.

"பாருங்கம்மா, பளிங்கு மாதிரி இருக்கு."

அதிகாரி அந்தப் புழுதியை விரலால் வழித்து அவர் முகத்தருகே நீட்டினாள்.

"சுத்தமாத்தானே இருக்கு?" என்றார்.

மெமோவை நாலாக மடித்தபடி அதிகாரி மெதுவாகக் கேட்டாள்.

"கண்ணு மங்க ஆரம்பிச்சு நாலு வருஷமாச்சாண்ணே?"