அடங்கலில் ஒரு பெயர்

"பயிரு வெச்சது ஒருத்தி, நிவாரணம் வாங்குறது இன்னொருத்தியா? இது இன்னா சார் நியாயம்?"

தொண்டூருக்கு மாற்றலாகி இருபது நாள்கூட ஆகாத கிராம நிர்வாக அலுவலர் பிரசாந்த் நிமிர்ந்து பார்த்தான். எதிரே இரண்டு பெண்கள். கேட்டவள் கழனியிலிருந்து நேராக வந்திருந்தாள், முழங்கால்வரை சேறு. கூட வந்தவள் சரிகைக்கரைச் சேலையில் பளிச்சென்று இருந்தாள், வாயைத்தான் திறக்கவில்லை.

"நீங்க உக்காருங்கம்மா" என்று சரிகைச் சேலைக்காரியிடம் நாற்காலியைக் காட்டினான். அவள் தயங்கினாள். சேற்றுக்காலோடு நின்றவள்தான் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"சர்வே நம்பர்?"

நின்றவள் கடகடவென்று சொன்னாள். கணினியில் பட்டா வந்தது. ஒரு ஏக்கர், மருதேவி பெயரில்.

"குத்தகைக்குப் பயிர் வெச்சவங்களுக்குப் பணம் வரணும்னா, அடங்கல்ல, அதான் சாகுபடிக் கணக்குல, அவங்க பேரு இருக்கணும். இதுல இல்லியே."

"எப்டி சார் இருக்கும்? வாய்வார்த்தைக் குத்தகை. இந்தப் பக்கம் யாரு எழுதி வெக்கிறாங்க? அறுப்புக்குப் பத்து நாள் இருக்கசொல்ல மழை கொட்டி, ஏரித்தண்ணி பூந்து, கதிரெல்லாம் முளைச்சிப்போச்சு. வெதை, ஒரம், ஆள்கூலி எல்லாம் காத்தாயி போட்டது. வந்து கழனியப் பாருங்க, நாலு பேர விசாரிங்க. அப்புறம் காத்தாயின்னு எழுதுங்க."

நிலத்துக்காரியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இப்படி நியாயம் பேசுகிறாளே என்று பிரசாந்த் அசந்துபோனான். முன்பு வேலை பார்த்த ஊரில் குத்தகைக்காரர்கள் தனியாக வந்து, குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். இவளுக்கு நெஞ்சில் பயமே இல்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்குள் பட்டியல் செஞ்சி தாலுகா ஆபீசுக்குப் போயாக வேண்டும். அவன் பைக்கை எடுத்துக்கொண்டு கழனிக்கே போய்ப் பார்த்தான், அக்கம்பக்கத்தில் விசாரித்தான். சொன்னது அத்தனையும் உண்மை. திரும்பி வந்து, சம்மதக் கடிதம் ஒன்றை எழுதினான்.

"நிலத்துக்காரங்க இதுல கையெழுத்துப் போட்டா போதும்" என்று நாற்காலியில் இருந்தவள் முன்னால் வைத்தான். மனசாட்சி கேட்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"யோசிச்சுப் போடுங்கம்மா. பேரு ஏறிட்டா அப்புறம் குத்தகைக்காரங்கள சுலபமா வெளியேத்த முடியாது. நாளைக்கே இந்தம்மா நிலத்த விட்டு நகர மாட்டேன்னு சொன்னாலும் சொல்லுவாங்க."

அவள் தலை குனிந்தாள். கண் கலங்கியிருந்தது. சரி, இது நடக்காது என்று பிரசாந்த் நினைத்துக்கொண்டான்.

நின்றவள் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தாள். பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்: மருதேவி.

"நீங்க ஏம்மா..." என்று ஆரம்பித்தவன் அந்தப் பெயரைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"நெலம் என்னுது சார். ஆபீசுக்குன்னு நல்ல சேலை கட்டினு வந்திருக்காளே, நீங்க இவ்ளோ நேரம் பயமுறுத்தனது இந்தக் காத்தாயிய" என்றாள் அவள். "நாலு வருசமா அந்த மண்ணுல பாடுபடுறா. அவ நகர மாட்டேன்னா எனக்கு நிம்மதி, நொந்துபோய் விட்டுட்டுப் போயிடுவாளோன்னுதான் பயமே."