மணல் பந்து

கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு அவன் மல்லாந்து கிடந்தான்.

மொட்டை மாடியின் சூடு சாக்கு விரிப்பையும் தாண்டி முதுகில் ஏறியிருக்கும். அசையவில்லை. நூறு கிலோ உடம்பு. வெறும் வயிறு.

அவன் மனைவி பந்தை மார்பு உயரத்துக்குத் தூக்கினாள். பழைய கூடைப்பந்தைக் கிழித்து, மணல் அடைத்து, கோணி ஊசியால் அவளே தைத்தது. கையை விட்டால் நேராக அவன் வயிற்றில் விழும்.

எப்போது விடுவாள் என்று அவனுக்குத் தெரியக் கூடாது.

அதுதான் பயிற்சி. வயிற்றை எந்நேரமும் இறுக்கி வைத்திருக்கிற குத்துச்சண்டைக்காரன் இரண்டாவது சுற்றிலேயே களைத்துப்போவான். தளர்ந்தே இருக்க வேண்டும். அடி விழுகிற கணத்தில் மட்டும் வாய்வழியே மூச்சு சீறி வெளியேற வேண்டும். வயிறு பலகையாக வேண்டும்.

விட்டாள்.

ஸ்.

பந்து எகிறி உருண்டது. அவன் சிரித்தான்.

இவ்வளவு தாங்குகிறவன் அன்றைக்கு ஏன் விழுந்தான்?

போன மாதப் போட்டியில் எதிராளியின் இடது கையிலிருந்து ஒரே ஒரு குத்து. வலது விலாவுக்குக் கீழே. பார்க்கப் பெரிய அடி மாதிரிகூட இல்லை. ஒரு கணம் நின்றான். அப்புறம் முழங்கால்கள் தாமாக மடிந்தன. தரையில் கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடினான். மூச்சு உள்ளே போகவில்லை. கூட்டத்தில் நின்றிருந்த அவள், போய்விட்டான் என்றே நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அதே ஆள். அதே இடது கை.

பந்தை எடுத்து வந்து மீண்டும் தூக்கினாள்.

பக்கத்து வீட்டு ரெஜினா அக்கா துணிகளை உலர்த்தி முடித்து, காலி வாளியோடு கீழே இறங்கப் போனாள்.

“குடுத்து வெச்சவடி நீ. புருசன் மல்லாக்கப் படுத்துக்கினு, போடு போடுன்றான். எங்கூட்டு ஆளுகிட்ட ஒரு கரண்டியக்கூட ஓங்க முடியாது.”

அவன் மனைவி சிரித்துக்கொண்டே அக்காவின் பக்கம் திரும்பினாள். கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டில் சரிந்து கலகலத்தன.

கீழே அவன் வயிறு இறுகியது.

பந்து இன்னும் அவள் கையில் இருந்தது.

ரெஜினா அக்காவின் செருப்புச் சத்தம் படிகளில் தேய்ந்து மறைந்தது. அவள் அசையாமல் நின்றாள். அவன் வயிறு மெல்லத் தளர்ந்தது. தூங்குகிறவனுடையதைப் போல ஏறி இறங்கியது.

பந்தை ஓசையில்லாமல் தரையில் வைத்தாள். வெறும் கையை ஒருமுறை உதறினாள்.

ஸ்.

பலகை.

“இன்னாடி, வெளாட்டு காட்டிக்கினு கீற? போடு.”

அவனுக்கே தெரியவில்லை.

இத்தனை மாதமும், ஒவ்வொரு முறையும், பந்து கையை விட்டுப் போகுமுன்னே வளையல்கள் அவனிடம் சொல்லிவிட்டிருக்கின்றன. அவன் வயிறு அவளைப் படித்து வைத்திருந்தது. அடியைப் படிக்கவே இல்லை.

எதிராளியின் கையில் வளையல் இருக்காது.

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. சொன்னால் அவன் கேட்டுக்கொள்வான். வயிறு கேட்டுக்கொள்ளாது.

தண்ணீர்த் தொட்டியடியில் துவைக்கிற கல்லில் சோப்புத் துண்டு கிடந்தது. கையை நனைத்துக்கொண்டு வளையல்களை ஒவ்வொன்றாக நழுவவிட்டாள். கடைசி வளையல் எலும்பில் மாட்டி அடம்பிடித்தது. அம்மாவின் கைகள் வெறுமையான நாள் கண்முன் வந்தது. அந்த நினைப்பைத் தள்ளிவிட்டு இழுத்தாள்.

வளையல்களைச் சுவரின் மேல் வைத்துவிட்டு வந்து பந்தைத் தூக்கினாள்.

ஓசை இல்லை.

வயிறு தளர்ந்தே கிடந்தது. பந்தைத் தூக்கும்போது அது இறுகாமல் இருந்து அவள் பார்த்ததே இல்லை. தொப்புளைச் சுற்றி மயிர்கள் காற்றில் அசைந்தன.

இத்தனை நாளில் இவனை ஒருமுறைகூட நான் அடித்ததில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

விட்டாள்.

சீறல் வரவில்லை. வேறு ஏதோ ஓர் ஓசை அவனிடமிருந்து வந்தது. பக்கவாட்டில் புரண்டு, முழங்கால்களை மார்போடு இழுத்துக்கொண்டான். வாய் திறந்தது, மூடியது, திறந்தது. அவள் மண்டியிட்டு அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். எங்கே தேய்த்துவிடுவது என்று தெரியவில்லை.

மூச்சு வந்தது.

துண்டை இழுத்துப் போட்டான். அவளைப் பார்த்தான். தோளின் மேல் இருந்த அவள் கையைப் பார்த்தான். அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னாடி இது, மூளியா வந்து நிக்கிற? போட்டுக்க மொதல்ல.”

“அதோட சத்தம் கேட்டுத்தான்யா இத்தினி நாளா தாங்கிக்கினு இருந்த. ஞாயித்துக்கெழம முடியட்டும்.”

அவன் சுவரின் மேல் இருந்த வளையல்களைப் பார்த்தான். பிறகு குனிந்து, சிவந்து கிடந்த தன் வயிற்றைப் பார்த்தான்.

துண்டை அவனே கட்டிக்கொண்டான். படுத்தான். விரல்கள் சாக்கின் ஓரத்தைப் பற்றிக்கொண்டன.

பந்தைத் தூக்கி நிறுத்தி, அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் வயிறு இறுகியது.

அதுவும் கேட்கிறது அவனுக்கு.

மூச்சை விட்டாள். சீராக, மெதுவாக. பேருந்துக்குக் காத்து நிற்கிறவளைப் போல. அவனுக்குச் சமைத்திராத, அவன் காய்ச்சலுக்கு விழித்திராத ஒருத்தி எப்படி மூச்சு விடுவாளோ, அப்படி.

வயிறு தளரத் தொடங்கியது.

அவன் முகத்தைப் பார்ப்பதை நிறுத்தினாள்.

கீழே யாரோ ஒருவன் படுத்திருந்தான்.