சீனி போடாத பால்

புற்றுநோய் முற்றிவிட்டது, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் கைவிரித்த பிறகு, அய்யாத்துரையை அவர் மனைவி சிந்தாமணி கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டாள். இப்போது தண்ணீர்கூட இறங்கவில்லை. கண்ணும் திறக்கவில்லை.

“இழுத்துக்கிட்டுக் கெடக்கான். நீ பால் ஊத்துனாத்தான் தம்பி உசுரு நிம்மதியாப் போகும். ஊத்து தாயி” என்று அவருடைய அக்கா டம்ளரைக் கையில் திணித்தாள். சொந்தபந்தம் கட்டிலைச் சுற்றி நின்றது. அதுவரை மாட்டவே மாட்டேன் என்றிருந்தவள், கண்ணை மூடிக்கொண்டு ஒரு கரண்டி ஊற்றினாள்.

மடக்கென்று விழுங்கும் சத்தம். அவர் கண் திறந்து அவளைப் பார்த்தார்.

“சீனி போடலையா, சிந்தா?”



“இந்தா வாரேன்” என்று அடுக்களைக்கு ஓடினாள். அலமாரியில் வரிசையாக டப்பாக்கள். எல்லாம் அவள் கையால் அடுக்கியவை. எதில் சீனி இருக்கிறதென்று அவளுக்குத் தெரியவில்லை.